குளத்துக்கு மேற்கே பிளாட் போடுகிறார்கள், ஓடையைக் காணவில்லை. யாரைப் பார்க்க வேண்டும்?

மறுகால் | மார்ச் 2, இரவு 9.40

வணக்கம். எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நாங்குநேரி போகிற பக்கம். வேலை நடந்துகொண்டிருக்கும்போது பெயர் வெளியே போனால் ஊருக்குள் எனக்குத்தான் சிரமம், அதனால் ஊர்ப் பெயரை இப்போது போடவில்லை. எங்கள் குளத்துக்கு ஆற்றுத் தண்ணீர் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் மேற்கே பெய்கிற மழை ஓடை வழியாக வந்து சேர்ந்தால் உண்டு. குளம் நிறைந்தால் பிசான நெல் ஒரு போகம், நிறையாவிட்டால் அதுவும் இல்லை.

குளத்தின் உள்வாய்க்கு, அதாவது நிறையும்போது தண்ணீர் ஏறி நிற்கிற ஓரத்துக்கு, மேற்கே ஏறத்தாழ 38 ஏக்கர் புஞ்சை. உடைமரமும் பனையும் நிற்கும், ஆடு மேயும், கௌதாரி கத்தும். அது போன வருடம் கைமாறியது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் ஜேசிபி வந்து இறங்கியது. இப்போது போய்ப் பார்த்தால் மேடு பள்ளம் எதுவும் இல்லை, மனைக்கல் நட்டு நம்பர் போட்டு செம்மண் ரோடு அடித்துவிட்டார்கள். ஓடை இருந்த இடத்தில் முப்பதடி ரோடு. அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய், குனிந்து அளந்து பார்த்தேன், விட்டம் இரண்டடி. சின்னப் பிள்ளையில் என்னால் ஒரே எட்டில் தாண்ட முடியாத ஓடை அது.

நான் வீடு கட்டக்கூடாது என்று சொல்ல வரவில்லை. என் தம்பியே பெருமாள்புரத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு மனைக்குக் காசு சேர்க்கிறான். ஆனால் அந்த ஓடை போனால் எங்கள் குளம் போயிற்று. யாரிடம் போக வேண்டும், எந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. இன்று காலை 47-ஆம் நம்பர் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்காட்டிப் பறவை என் தலைக்கு மேலேயே வட்டமடித்துக் கத்தியது. நின்ற இடத்தில் நின்று தரையைப் பார்த்தேன். சரளைக்கு நடுவில் நான்கு முட்டை, கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை, கையகல பள்ளம், சுற்றி நான்கைந்து சிறு கல். மண் நிறத்தில் கரும்புள்ளி. ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் மிதித்திருப்பேன். அங்கிருந்து ஜேசிபி நிற்கிற இடம் இருபது அடி.

வாடகைவீடு | மார்ச் 2, இரவு 10.25

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினான்கு வருடமாக வாடகை வீடு, இதுவரை ஐந்து வீடு மாறிவிட்டோம். டவுனிலோ பாளையிலோ ஒரு சென்ட் வாங்க எங்களுக்கு வழியில்லை. நீங்கள் சொல்கிற மாதிரி இடங்களில்தான் நான்கு சென்ட் வாங்க முடியும், நானும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பறவை பாவம்தான், ஆனால் எங்களை மாதிரி ஆட்கள் எங்கே போய் வீடு கட்டுவது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் குளம், குளம் என்று பேசும்போது நாங்கள்தான் குற்றவாளி மாதிரி ஆகிவிடுகிறது.

பாளைவாசி | மார்ச் 2, இரவு 11.50

தங்கச்சி, உங்கள் இடத்தில் ஒன்பது வருடம் முன்பு நான் இருந்தேன், அதனால் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நகைக்கடன், வங்கிக்கடன் எல்லாம் வாங்கி ஐந்து சென்டில் வீடு கட்டினேன். அப்ரூவல் உள்ள மனை, பத்திரம் சுத்தம், வில்லங்கம் இல்லை. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்று தென்மாவட்டத்தில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றுபோயிற்று. திருநெல்வேலியில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் ஆற்றுத் தண்ணீர் ஏறியது. ஆனால் என் வீட்டுக்கும் தாமிரபரணிக்கும் சம்பந்தமே இல்லை, ஆறு எங்கேயோ இருக்கிறது. எனக்கு வந்தது பின்னால் இருக்கிற குளத்தின் மறுகால், அதாவது குளம் நிறைந்து வழிகிற தண்ணீர். ராத்திரி இரண்டு மணிக்கு வாசல் வழியாக வரவில்லை, சமையலறைப் பின்கதவு வழியாக வந்தது. பத்து நிமிடத்தில் முழங்கால், விடியும்போது இடுப்பு. அரிசி, துணி, பிள்ளைகளின் புத்தகம், மோட்டார், எல்லாம் போயிற்று. அம்மாவைக் கட்டிலோடு தூக்கி மாடிப்படியில் வைத்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டு, "உன் அடுப்படி இருக்கிற இடம்தாம்ல மறுகால் ஓடை" என்றார். வாங்குவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஓடை பழைய படத்தில் இருக்கிறது, என் மனையின் லேஅவுட் படத்தில் இல்லை. நான் குற்றவாளி இல்லைதான், ஆனால் கடனை இன்னும் நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓடையை மூடினால் கொக்குக்கு இரை போகிறது, குடியானவனுக்குத் தண்ணீர் போகிறது, மனை வாங்கினவனுக்கு வீடும் சேர்ந்து போகிறது.

சங்கிலி | மார்ச் 3, காலை 6.10

மறுகால் தம்பிக்கு. நில அளவையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அந்த 38 ஏக்கரின் புல எண்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் இணையச் சேவையில் அ-பதிவேடும் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்வது) புலப்படமும் (எல்லாரும் எஃப்எம்பி என்று சொல்வது) பார்க்கலாம், காசு கிடையாது. அதோடு கிராம வரைபடம் ஒன்று வாங்குங்கள். ஓடைக்குத் தனிப் புல எண் இருந்து அ-பதிவேட்டில் அரசு புறம்போக்கு, ஓடை என்று இருந்தால் உங்கள் பக்கம் பலம். அதை யாரும் விற்கவும் முடியாது, ரோடாக மாற்றவும் முடியாது, அளந்து காட்டச் சொல்லி மனுக் கொடுத்தால் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேட்டிலிருந்து வருகிற சின்ன ஓடைகள் பல இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். புலப்படத்தில் இரட்டைக் கோடாக வரைந்திருப்பார்கள், ஆனால் தனி உட்பிரிவு எண் இருக்காது, பதிவேட்டில் அந்த நிலம் முழுவதும் தனியார் புஞ்சை என்றுதான் இருக்கும். பத்திரம் எழுதுகிறவர் பதிவேட்டை மட்டும் பார்ப்பார், படத்தைப் பார்க்க மாட்டார். ஓடை காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். என் காலத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், சில இடங்களில் எழுதியும் வைத்தேன், எழுதினதை எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு.

அப்புறம் மனைப்பிரிவு அனுமதிக்கு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும்போது, வெள்ள நோக்கில் தடையின்மைச் சான்று என்று நீர்வளத்துறையிடம் கேட்பார்கள். அந்தச் சான்றில் ஓடை பற்றி என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும். குளத்தின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறுகிற நிலம், 100 ஏக்கருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்தில் வரும், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. இது தெரியாமல் மனுக் கொடுத்தால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னும் அனுமதி வாங்கவில்லை என்றால் காலம் உங்கள் கையில் இருக்கிறது. அனுமதி வாங்கி மனை விற்றுப் பத்திரம் பதிந்துவிட்டால், அப்புறம் நீங்கள் சண்டை போட வேண்டியது புரோமோட்டரோடு இல்லை, இந்தத் தங்கச்சி மாதிரி கடன் வாங்கி வாங்கின நாற்பது குடும்பத்தோடு. அதனால் இந்த வாரமே.

நத்தைகுத்தி | மார்ச் 3, இரவு 8.15

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தன். 2011-லிருந்து நடக்கிறது, மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களுமாகக் குளம் குளமாகப் போய் எண்ணுவோம். அதில் எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கூந்தன்குளம் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1994-லிருந்து சரணாலயம், ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, வீட்டு மரத்தில் கூடு கட்டினால் விரட்டுவதில்லை. அதெல்லாம் உண்மை, கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர்கள். ஆனால் சரணாலயம் 129 ஹெக்டேர்தான். அங்கே கூடு கட்டுகிற மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் குஞ்சுக்கு இரை தேடி எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? சுற்றியிருக்கிற பெயர் தெரியாத குளங்களுக்கும் வயலுக்கும்தான். இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்து தண்ணீரில் ஓய்வெடுக்கும், மேய்வது கரைக்கு வெளியே புல்லிலும் அறுத்த வயலிலும். கூந்தன்குளத்தை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டு மற்ற குளத்தையெல்லாம் மேடாக்கினால், படுக்க இடம் இருக்கும், சாப்பிட எதுவும் இருக்காது.

கங்கைகொண்டானிலும் இதே கதைதான். 2013-ல் புள்ளிமான் சரணாலயம் அறிவித்தார்கள், 288 ஹெக்டேர், பக்கத்திலேயே நான்குவழிச் சாலை. எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்று மானுக்கு யார் சொல்வது.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலர் ஈரநில விதி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். 2017-ல் வந்த ஈரநில விதிகளில், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலையை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் சீமைக் குளங்கள் எல்லாமே பாசனத்துக்கு வெட்டியவை. பல நூறு வருடமாகப் பறவை வந்து போகிற குளம், ஆனால் அந்த விதியின் கண்ணுக்கு அது ஈரநிலம் இல்லை. இன்னொரு பக்கம் உச்ச நீதிமன்றம், தேசிய வரைபடத்தில் பதிவான 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைப் பாதுகாக்கச் சொல்லியிருக்கிறது, 2024 டிசம்பரில் அந்த அளவுள்ள ஈரநிலங்களை நேரில் போய் எல்லை அளக்கவும் சொன்னது. உங்கள் குளம் அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டை விஷயம். 1972 வனவுயிர் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வருகிறது. ஆனால் எடுத்த எடுப்பில் சட்டம் பேச வேண்டாம். ஜேசிபி ஓட்டுகிற தம்பியிடம் நேராகப் போய்க் காட்டுங்கள். முட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் பாதி நசுங்குகிறது. ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும், குஞ்சு பொரித்த அன்றைக்கே நடந்து போய்விடும். அதுவரை அந்த ஒரு மனையை விட்டால் போதும். முட்டையைத் தூக்கி வேறு இடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

மனைவரைவு | மார்ச் 4, மதியம் 1.30

லேஅவுட் வரைகிற வேலை எனக்கு. உள்ளே இருந்து பேசுகிறேன், திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் அந்தக் குழாய். விட்டம் இரண்டடி என்றால் தண்ணீர் போகிற பரப்பு மூன்று சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். உங்கள் ஓடை எவ்வளவு இருக்கும்? 12 அடி அகலம், 3 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் 36 சதுர அடி. பன்னிரண்டில் ஒரு பங்குதான் அந்தக் குழாய் வழியாகப் போகும். அதுவும் முதல் மழையில் உடைமுள்ளும் பிளாஸ்டிக்கும் வந்து அடைத்தால் அதுவும் இல்லை. ஓடையின் முழு அகலத்துக்கு பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி மாதிரி சிமெண்ட் பாலம், போட வேண்டும், வேறு வழியே கிடையாது. இதற்கு ஆகிற செலவு 38 ஏக்கர் மனை விற்கிறவருக்குப் பெரிய காசு இல்லை.

அடுத்தது பூங்கா இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால் ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொது ஒதுக்கீடாக எழுதிக் கொடுக்க வேண்டும். 38 ஏக்கரில் குறைந்தது இரண்டரை ஏக்கராவது வரும். இதை எல்லாரும் எங்கே வைக்கிறார்கள் என்றால், விற்காத மூலையில். நான் வரைகிற படத்தில் முடிந்தவரை ஓடையை ஒட்டி நீளவாக்கில் வைப்பேன். எப்படியும் கொடுக்க வேண்டிய இடம்தானே, அதை ஓடைக்கு இருபுறமும் கொடுத்தால் தண்ணீருக்கு இடம், மரத்துக்கு இடம், கீரிக்கும் உடும்புக்கும் போக வர வழி. புரோமோட்டருக்கு ஒரு சென்ட் கூட நட்டமில்லை. இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், பத்துப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் கேட்டால், ஓடை பார்த்த மனை கூடுதல் விலைக்குப் போகும், அதைப் பூங்காவுக்குக் கொடுப்பானேன் என்பார்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி வாங்கச் சொல்லலாமே என்று யாராவது கேட்பீர்கள். 2006 அறிவிக்கைப்படி கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர், அல்லது மொத்த இடம் 50 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 123 ஏக்கர் இருந்தால்தான் அது வரும். வெறும் மனை பிரித்து விற்கிற 38 ஏக்கர் அந்தப் பக்கமே போகாது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு லேஅவுட் அடுத்தடுத்து வந்து குளத்தையே வளைத்துக்கொண்டாலும் ஒவ்வொன்றும் தனிக்கணக்கு.

வாங்குகிறவர்களையும் கேட்கிறேன். மனையில் ஒரு உடைமரம் நின்றால் முன்பணம் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள். பனை நின்றால் இடி விழும் என்கிறீர்கள். தரை பலகை மாதிரி இருக்க வேண்டும், ஒரு செடி இருக்கக்கூடாது என்றால் எல்லாவற்றையும் சுரண்டித்தான் காட்டுவார்கள். சுரண்டின மண் மழையில் கரைந்து நேராகக் குளத்துக்குத்தான் போகிறது, ஒரே மழைக்காலத்தில் மடைவாயை மூடிவிடும். மண்வேலையைக் கோடையில் ஆரம்பித்து புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும், முடிக்காத இடத்தில் கீழ்ப்புறம் ஒரு சின்ன வரப்பும் பள்ளமும் போட்டு வண்டல் அங்கேயே தங்குகிற மாதிரி செய்ய வேண்டும்.

பத்துவயல் | மார்ச் 4, இரவு 7.05

பேரன் வாசித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன் அடிக்கிறான். எனக்கு வயது 74.

எல்லாரும் ஓடையைச் சொன்னீர்கள், சரி. உள்வாயை யாரும் சொல்லவில்லை. குளம் என்றால் கரைக்குள் நிற்கிற தண்ணீர் மட்டும் இல்லை. கார்த்திகையில் நிறைந்து மேற்கே ஏறி நிற்கும், தை மாசியில் இறங்கும். அந்த ஏறி இறங்குகிற இடம்தான் உயிர் உள்ள இடம். அயிரையும் கெண்டையும் குஞ்சு விடுவது அந்த ஆழமில்லாத தண்ணீரில், நாமக்கோழி கோரைக்குள் அடைவது அங்கே, ஆமை ஏறி வருவது அங்கே. தண்ணீர் இறங்கின பிறகு எங்கள் ஐயா காலத்தில் அதில் எள்ளு விதைப்போம், ஈரம் போதும். அதில் கொஞ்சம் பட்டாவும் உண்டு. வருடத்தில் மூன்று மாதம் தண்ணீர் நிற்கும், ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கும். மனை பார்க்கிறவர்கள் வைகாசியில் வந்து பார்ப்பார்கள், பொட்டல் மாதிரி இருக்கும். "குளம் அங்கேயில்லா இருக்கு" என்று தூரத்தைக் காட்டுவார்கள். நடக்கிற இடத்தில் கொஞ்சம் குனிந்து மண்ணை எடுத்துப் பாருங்கள், செம்மண்ணுக்கு நடுவில் கரம்பை, அதாவது குளத்து வண்டல், வந்தால் அது தண்ணீர் நிற்கிற இடம். நத்தை ஓடு கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

திருநெல்வேலியில் புது பஸ் ஸ்டாண்டை எங்கே வைத்திருக்கிறோம்? வேய்ந்தான்குளத்தில். அந்தக் குளத்தில் தண்ணீர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கக்கூஸ் தண்ணீர். கரையை ஒட்டி நூறு வீடு வந்தால் நூறு செப்டிக் டேங்க். அடியில் சிமெண்ட் போடாமல் விடுகிறார்கள், சீக்கிரம் நிறையக்கூடாது என்று. அது எங்கே இறங்கும்? பாளையங்கால்வாய் பழவூர் அணைக்கட்டில் புறப்படும்போது தெளிந்த தண்ணீர், மேலப்பாளையம் தாண்டி வரும்போது போய்ப் பாருங்கள். அதில் குளித்தவன் நான். மறுகால் தம்பி, கிராம சபையில் எழுந்திருந்து பேசு. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது பேசினால்தான் ஏட்டில் ஏறும்.

வாடகைவீடு | மார்ச் 9, மாலை 5.45

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்த்து வைத்திருந்த மனைக்கு மறுபடி போனோம், இந்தத் தடவை புரோக்கர் இல்லாமல். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் எங்கே நிற்கும் ஆச்சி" என்று கேட்டேன். அவர் கம்பை எடுத்து என் மனைக்குக் கிழக்கே ஒரு பனையைக் காட்டினார். அந்தப் பனையின் அடித்தூரில் முழங்கால் உயரத்துக்குச் சேறு காய்ந்த கோடு இருந்தது. பெரியவர் சொன்ன நத்தை ஓடும் கிடந்தது, பையன் ஒரு கை நிறையப் பொறுக்கினான்.

முன்பணம் பத்தாயிரம் கொடுத்திருந்தோம். திரும்பக் கேட்டிருக்கிறோம், இன்னும் தரவில்லை. சங்கிலி ஐயா, மேற்கே ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் வேறு ஒரு இடம் இருக்கிறது, சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. புல எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், படத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?

சங்கிலி | மார்ச் 9, இரவு 8.20

அனுப்பம்மா. மூல ஆவண நகலும் சேர்த்து அனுப்பு. ரேரா, அதாவது மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேள், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் பதிவு இல்லாமல் விற்கக்கூடாது.

மறுகால் | மார்ச் 23, காலை 7.15

மூன்று வாரமாக எழுத முடியவில்லை, அலைச்சல்.

புலப்படம் எடுத்துவிட்டேன். சங்கிலி ஐயா சொன்ன மாதிரியே இருக்கிறது. ஓடையின் கீழ்ப்பாதி, குளத்துக்குள் இறங்குகிற பகுதி, புறம்போக்கு, தனி எண் உண்டு. மேல்பாதி பட்டாவுக்குள் இரட்டைக் கோடு மட்டும். லேஅவுட் இன்னும் அனுமதிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, முடியவில்லை. அனுமதிக்கு முன்னாலேயே ரோடு அடித்துக் கல் நட்டிருக்கிறார்கள்.

நேற்று தண்ணீர் தினக் கிராம சபை. பேச எழுந்தபோது கால் நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். படத்தை ஏ-3 தாளில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதைத் தரையில் விரித்ததும் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், அப்புறம் நான் பேச வேண்டிய தேவையே இல்லை. எங்கே எந்தப் பாறை, எங்கே தடுப்பு என்று அவர்களே விரலால் வரைந்தார்கள். புறம்போக்கு ஓடையை அளந்து கல் நட வேண்டும், பட்டாவுக்குள் வருகிற ஓடையைப் படத்தில் காட்டாமல் அனுமதி தரக்கூடாது என்று தீர்மானம் போட்டாயிற்று. இடத்துக்காரர் தரப்பில் வந்தவர், ஊருக்கு ரோடு வரும், விலை ஏறும், உங்கள் நிலமும் நாளைக்கு விற்கும் என்றார். சில பேர் அதற்குத் தலையாட்டினார்கள், அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஜேசிபி ஓட்டுகிற தம்பி ஆலங்குளம் பக்கத்துக்காரன். மார்ச் 3 காலையிலேயே கூட்டிப்போய் முட்டையைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் போனபோது சுற்றி ஆறு மனைக்கல்லைப் பிடுங்கி வட்டமாக வைத்து நடுவில் ஒரு சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டிருந்தான். 20-ஆம் தேதி காலை போனால் முட்டை இல்லை. முதலில் நாய் தின்றுவிட்டது என்று நினைத்தேன். கீழே பார்த்தால் ஓட்டுத்துண்டு, பத்தடி தள்ளித் தாய் கத்துகிறது, அதன் காலடியில் மண் உருண்டை மாதிரி ஒன்று அசைந்தது. மூன்று குஞ்சு எண்ணினேன்.

நத்தைகுத்தி | மார்ச் 23, காலை 9.00

அந்தத் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பட்டாவுக்குள் இருக்கிற ஓடையை விட்டுவிடாதீர்கள். புறம்போக்கை மட்டும் மீட்டு மேல்பாதியை மூடவிட்டால் மீட்ட ஓடைக்குள் வருவதற்குத் தண்ணீர் இருக்காது.

மனைவரைவு | மார்ச் 23, காலை 10.40

பட்டா நிலத்தை இலவசமாக விடு என்று ஒருவரிடம் எந்தச் சட்டத்தை வைத்துச் சொல்வது? அங்கேதான் பூங்கா ஒதுக்கீடு உதவும் என்கிறேன். ஓடை ஓடுகிற கோட்டிலேயே அந்த இரண்டரை ஏக்கரைக் கேளுங்கள். அவர்களுக்கும் மறுக்கக் காரணம் இருக்காது, எழுதிக் கொடுத்த பிறகு அது உள்ளாட்சியின் சொத்து, யாரும் விற்க முடியாது. தீர்மானத்தோடு இதையும் ஒரு படமாக வரைந்து சேர்த்துக் கொடுங்கள். வரைய ஆள் இல்லையென்றால் நான் வரைந்து தருகிறேன், காசு வேண்டாம்.

நத்தைகுத்தி | மார்ச் 23, காலை 11.05

அப்படியானால் அந்த இடத்தில் புல்தரையும் சறுக்குமரமும் வைத்து எல்ஈடி விளக்கு போடாமல் இருக்கவும் சேர்த்து எழுதுங்கள். உடையும் நாட்டுக் கருவேலமும் இலந்தையும் அப்படியே நிற்கட்டும், குளத்தைப் பார்த்து விளக்கு வேண்டாம். கூடு அடைகிற பறவை வெளிச்சத்தில் அடையாது.

மறுகால் | ஜூன் 14, இரவு 9.10

நீண்ட நாள் கழித்து. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புறம்போக்கு ஓடையை ஏப்ரலில் அளந்தார்கள். கல் நட்டாயிற்று. இரண்டடிக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு 12 அடிக்கு பாக்ஸ் கல்வெர்ட் போட்டிருக்கிறார்கள், நீர்வளத்துறைச் சான்றில் அந்த நிபந்தனை ஏறிவிட்டது, நகல் கையில் இருக்கிறது. மனைவரைவு அண்ணாச்சி வரைந்து கொடுத்த படத்தில் முக்கால்வாசியை ஏற்றுக்கொண்டார்கள். பூங்கா இடம் ஓடையோடு வருகிறது, தெற்கே மட்டும் எட்டு மனை ஓடையை நெருக்கிக்கொண்டு நிற்கிறது, அதை அவர்கள் விடவில்லை. உள்வாய் ஓரத்தில் பதினோரு மனை இருக்கிறது, அதில் தண்ணீர் ஏறும் என்று பத்துவயல் தாத்தா சொன்னதை எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. அந்தப் பதினோரு நம்பரையும் ஊர் டீக்கடைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம், மனை பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் வண்டியை நிறுத்துகிறார்கள்.

வெட்டின உடைமரம் வெட்டினதுதான். 38 ஏக்கரில் பனை ஒன்பது மிச்சம். கௌதாரிச் சத்தம் இந்த வருடம் நான் கேட்கவில்லை.

குளத்தின் கிழக்கே மறுகால் ஓடையையும் அளக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தோம், அங்கேயும் யாரோ நிலம் பேசுகிறார்கள் என்று கேள்வி. வருகிற செவ்வாய்க்கிழமை சர்வேயர் வருகிறார். சங்கிலி ஐயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது வருவதாக இருந்தால் தனியாக எழுதுங்கள், ஊர்ப் பெயரைச் சொல்கிறேன். காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் சரியாக இருக்கும். தண்ணீர் கொண்டு வாருங்கள், இப்போது அங்கே நிழல் இல்லை.